நெய்ராவுக்காக ஒரு ஸ்தல விசாரணை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலைச்செல்வியும் அன்வரும் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு ஒரு பஞ்சாயத்தைக் கொண்டு வந்தார்கள். நான் வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவள். இரண்டு பேரும் என்னிடம் வேலை பார்த்தவர்கள். கலைச்செல்வி இப்போது துணைத் தாசில்தார், அன்வர் வருவாய் ஆய்வாளர். வந்ததும் வராததுமாக, நீட்டிய காபியைக்கூட வாங்காமல் அன்வர் கேட்டார்.

"மேடம், நெய்ராவுக்குத் தீர்ப்பு எழுதிட்டீங்களா, இல்லையா?"

"இன்னும் இல்லப்பா."

"நல்லதாப் போச்சு. நான் அந்தம்மாவைத் தூக்கி ஜெயில்ல போட்டேன். இவங்க என்னடான்னா கவர்னராவே ஆக்கிட்டாங்க. ஒரு வாரமா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இதே சண்டை. நீங்க சொல்றதுதான் முடிவு. தோத்தவங்க பாலக்கரையில பிரியாணி வாங்கித் தரணும்."

நெய்ரா எங்கள் துறையில் வேலை பார்ப்பவள் அல்ல. இந்த உலகத்திலேயே இல்லாதவள். அவள் ஒரு வீடியோ கேமில் வருகிறாள்.

அந்தக் கேம் பெட்டி என் மகனுடையது. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனபோது டிவிக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஓய்வுபெற்றவள் கோயிலுக்குப் போகலாம், சீரியல் பார்க்கலாம். இரண்டும் செய்தேன். முட்டி வலி வந்து டாக்டர் படி ஏறக் கூடாது என்றதும் கோயில் குறைந்தது. சீரியலில் ஒரே மாமியார் ஒரே மருமகளை எத்தனை நாள் கொடுமைப்படுத்துவாள் என்று அலுத்துப்போனது. ஒருநாள் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். சுடுகிற விளையாட்டுகள் எனக்கு ஒத்துவரவில்லை, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்துப்போயிருப்பேன். ஆனால் இந்த ஒன்று பேசிப் பேசியே நகர்கிற விளையாட்டு. யாரிடம் என்ன கேட்கிறோம், எதை நம்புகிறோம் என்பதுதான் ஆட்டம். எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடும். அந்தக் கால அரசாணைகளின் ஆங்கிலத்தைப் படித்தே புரிந்துகொண்டவளுக்கு விண்வெளிக்காரர்களின் ஆங்கிலம் பெரிய விஷயமா? போனில் கலைச்செல்வியிடம் பெருமையடித்தேன். அவள் வாங்கி விளையாடினாள். அவளைப் பார்த்து அன்வரும் வாங்கினார். இப்படித்தான் ஒரு தாலுகா அலுவலகத்துக்குள் நெய்ரா நுழைந்தாள்.

கதை சனிக்கிரகத்தைச் சுற்றும் ஒரு துணைக்கோளில் நடக்கிறது. அங்கே சுரங்கம் தோண்டுகிறவர்களின் குடியிருப்பு, மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு அடுக்கு. மூச்சுவிடும் காற்று குழாய் வழியாக முதலில் மேல்தளத்துக்கு வரும், மிச்சம்தான் கீழே போகும். இயந்திரம் பழுதாகிக் காற்று குறைந்துவிடுகிறது. மேல்தளத்துக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். கவர்னர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். நெய்ரா துணைக் கவர்னர், வெகு சாமர்த்தியசாலி. மேல்தளச் சபையிடம் போய், "உங்கள் குழாயில் விரிசல் இருக்கிறது, மூடாவிட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து" என்கிறாள். சபை பதறிப்போய்த் தானே குழாயை மூடச் சொல்லித் தீர்மானம் போடுகிறது. மேல்தளம் தன் சேமிப்புக் காற்றில் சமாளிக்க, குழாய்க் காற்று முழுவதும் கீழே போகிறது. கீழ்த்தளத்தில் இருந்த அத்தனை பேரும் பிழைக்கிறார்கள்.

பிறகு, விரிசலே இல்லை என்று தெரிந்துவிடுகிறது. விரிசல் இருப்பதாக அறிக்கை கொடுத்தவன் ஓர்பன் என்கிற பொறியாளன், நெய்ராவின் சிறுவயது நண்பன். "அவன் சொன்னதை நம்பினேன்" என்று சபையில் கையை விரித்துவிடுகிறாள் நெய்ரா. ஓர்பனை யாருமில்லாத ஒரு பாறைக்கு நாடு கடத்துகிறார்கள். அவள் பதவியில் தொடர்கிறாள். பூமிக்குப் புகார் போகிறது. விசாரணை அதிகாரியாக அங்கே போய் இறங்குவது நாம். நெய்ராவைச் சிறையில் போடலாம், பதவியைப் பறிக்கலாம், கவர்னராக்கலாம்.

இந்தக் கட்டத்துக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதை நான் ஜீயபுரம் பக்கத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். காற்றுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தபால் பதிந்து, சான்றிதழ் தட்டச்சு செய்து, முத்திரை மை விரலிலேயே ஊறிப்போன வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். என் வேலை உண்மையில் தொடங்கியது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், வருவாய்க் கோட்டாட்சியராக இருந்த நல்லதம்பி சாரின் கீழ். அவர் குள்ளமான மனிதர், குரலும் அதற்கேற்றாற்போல் சின்னது. பக்கத்து அறைக்கு அவர் கூப்பிடுவது கேட்காது, மணிதான் அடிக்க வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஜில்லாவில் எங்கே இரண்டு ஊர் முறைத்துக்கொண்டாலும் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அவரிடம்தான் அனுப்புவார்கள்.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். நாற்காலிகளை எதிரெதிரே போடக் கூடாது. எல்லாம் ஒரே வரிசையாக அவர் மேசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால்தானே முறைக்க முடியும்? எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் பக்கத்து அறையிலேயே கமுக்கமாக இருப்பார். முதல் தடவை நான் பதறிப்போய், "சார், ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க" என்று சொன்னேன்.

"என்ன பண்றாங்க?"

"உங்களைத் திட்டிக்கிட்டு இருக்காங்க சார்."

"ரெண்டு தரப்புமா?"

"ஆமா சார்."

"விடும்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்யறாங்க. நாம போய் அதைக் கெடுக்கக் கூடாது."

உள்ளே வந்ததும் டீ வரும். கடைசி ஆள் டம்ளரைக் கீழே வைக்கும்வரை விஷயத்தைத் தொடவே மாட்டார். முடிவுகளை எழுதி முடித்ததும், கூட்டத்தில் யார் அதிகமாகக் கத்தினாரோ அவரையே எழுந்து வாசிக்கச் சொல்வார். தன் வாயால் வாசித்ததை மறுநாள் அவர் எப்படி எதிர்ப்பார்? எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்தல விசாரணை. சண்டை நடக்கிற இடத்தை நடந்து பார்க்காமல், அந்த உத்தரவு யாரைப் பாதிக்குமோ அவர்களிடம் நின்று பேசாமல் ஒரு வரி எழுத மாட்டார். ஜீப்பை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கிவிடுவார். குறிப்பெடுக்க நான் பின்னாலேயே ஓடுவேன். அந்த ஓட்டத்தில்தான் என் முட்டி தேய்ந்தது என்று இப்போதும் அவர்மேல் எனக்கு ஒரு செல்லக் கோபம்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. ஜீயபுரம் பக்கத்து வாய்க்கால் ஒன்றில், அது தொடங்குகிற தலைமடைக்காரர்களுக்கு வாழை, முடிகிற கடைமடைக்காரர்களுக்கு நெல். வாழைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பிரிகிற தலைமடை மதகு திறந்தே கிடந்ததால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. நாங்கள் போனபோது அஞ்சலை என்கிற பெண் ஒரு கதிரைக் கிள்ளி சார் கையில் கொடுத்தாள். அவர் நகத்தால் அழுத்திப் பார்த்தார். பால் பிடிக்க வேண்டிய மணி, உள்ளே ஒன்றுமில்லை. "இந்த வாரம் தண்ணி வரலேன்னா மாட்டுக்குத்தான் சார் அறுத்துப் போடணும்" என்றாள் அவள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பேச்சுவார்த்தை நடந்தது. டீ குடித்தார்கள். தலைமடைக்குப் பெரியசாமி என்கிறவர் தலைவர், செல்வாக்குள்ள ஆள், சென்னைவரை பேசக்கூடியவர். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"வாழை நாலு நாள் காஞ்சா ஒண்ணும் ஆகாது சார், அது எனக்கே தெரியும். ஆனா கடைமடைக்காரன் மனுக் கொடுத்து எங்க மதகு இறங்குச்சுன்னு பேரு வந்தா நாங்க தெருவுல தலை காட்ட முடியாது."

நல்லதம்பி சார் தலையாட்டிவிட்டுக் கூட்டத்தை ஒத்திவைத்தார். ஜீப்பில் ஏறியதும், "பேருதான்மா பிரச்சினை, தண்ணி இல்ல. வி.ஏ.ஓ. வீட்டுக்கு விடச் சொல்லு" என்றார்.

கிராம நிர்வாக அலுவலர் தங்கராசுவுக்குப் பங்குனியோடு ஓய்வு. கறை இல்லாத சர்வீஸ். ஆர்.டி.ஓ.வே வீடு தேடி வந்ததில் அவர் மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. சார் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"தங்கராசு, தலைமடைக் கரையில நண்டு வளை இருக்கா?"

"நண்டு வளை இல்லாத கரை ஏதுங்க சார்?"

"அதை எழுதிக் குடுங்க. கரையில நண்டு வளை இருக்கு, பலவீனப்பட வாய்ப்பு இருக்குன்னு. உடைஞ்சா பெரியசாமியோட வாழைதான் முதல்ல போகும். மதகை இறக்கி மண் மூட்டை போடலாம்னு அவரே முன்னால நிப்பாரு."

தங்கராசு சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

"முழுசாக் கேளுங்க. அப்புறமா விஷயம் தெரியும். தெரியாம இருக்காது. அவர் குதிப்பாரு. அறிக்கை உங்க பேர்ல இருக்கும். உங்களுக்கு மெமோ வரும். நான்தான் குடுக்க வேண்டியிருக்கும். நானே அதை மூடுவேன். நடுவுல என்னை மாத்தினா, போற அன்னிக்கு மூடிட்டுத்தான் போவேன். இது என் வார்த்தை. ஆனா வார்த்தைதான், வேற எதுவும் இப்ப என்கிட்ட இல்ல. நீங்க முடியாதுன்னு சொன்னா வேற வழி பார்க்கறேன். அதுக்காக உங்க மேல ஒரு வருத்தமும் இருக்காது."

தங்கராசு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "பங்குனியில ரிட்டயர்டு சார், மெமோ இருந்தா பென்ஷனை நிறுத்திருவாங்கன்னு சொல்லுவாங்களே" என்றார்.

"நிறுத்துவாங்க. அதான் உங்க ரெண்டு பேரையும் வச்சுக் கேக்கறேன்."

பிறகு தங்கராசு, "எத்தனை நாள் சார் மதகை மூடுவீங்க?" என்றார்.

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாள் தண்ணியை வாய்க்காலே குடிச்சிரும். நாலு நாள்னா எழுதறேன்."

சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நினைத்தபடியே நடந்தது. பெரியசாமி தானே கரையில் நின்று மதகை இறக்கச் சொன்னார். ஊர் இளவட்டங்களைக் கூட்டி மண் மூட்டை அடுக்க வைத்தார். நான்கு நாளும் கடைமடைக்குத் தண்ணீர் ஓடியது. அஞ்சலையின் வயலில் கதிர் தலை சாய்ந்ததை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அலுவலக வேலையாகப் போகவில்லை, எனக்காகப் போனேன். மனசு நிறைந்திருந்தது.

அறுவடைக்குப் பிறகு யாரோ ஒரு பொறியாளர் பெரியசாமியிடம் கரை கல்லுப்போல இருப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டினார். தங்கராசுவுக்கு, மிகைப்படுத்தி அறிக்கை அளித்ததாக மெமோ போனது. அதைத் தட்டச்சு செய்தது நான்தான். மெமோ போனதும் பெரியசாமி கொஞ்சம் அடங்கினார். ஆனால் அதற்குள் மேலே பேசிவிட்டிருந்தார். நல்லதம்பி சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது, எடுக்க நிலமே இல்லாத ஒரு நில எடுப்புப் பிரிவுக்கு. பங்குனி இன்னும் பிறக்கவில்லை. மெமோ அப்படியே நின்றது.

புதிதாக வருகிறவருக்கு அந்த வீட்டில் பேசியது எதுவும் தெரியாது. தங்கராசு என்ன ஆவார்?

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் சார் பெரியசாமியை வரச் சொல்லியிருந்தார். வழியனுப்ப வந்த எங்கள் எல்லார் முன்னாலும், அந்தச் சின்னக் குரலில் சொன்னார்.

"பெரியசாமி, அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கினது நான். தங்கராசு நான் சொன்னதைத்தான் எழுதினாரு. அப்படித்தான் பதிவு பண்ணி மெமோவை மூடியிருக்கேன். இனிமே உங்க கோபம் என் மேலதான் இருக்கணும்."

பெரியசாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னை வச்சே என் மதகை இறக்கிட்டீங்களே சார்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். கோபம் தீரவில்லை. சாருக்கு வர வேண்டிய பதவி உயர்வு தள்ளித் தள்ளிப் போனது. தங்கராசு பங்குனியில் மாலையோடு வீட்டுக்குப் போனார்.

இதையெல்லாம் கலைச்செல்விக்கும் அன்வருக்கும் நான் சொல்லி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. கலைச்செல்விக்கு முகமெல்லாம் வெற்றி.

"அப்ப நான் சொன்னதுதான மேடம் சரி? நெய்ராவும் அதையேதான் செஞ்சா. ஆளுங்க பிழைச்சாங்கல்ல?"

"மெமோவை மூடலையே அந்தம்மா!" என்று அன்வர் பாய்ந்தார்.

"ரெண்டு பேரும் இருங்க. தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி ஓர்பனைப் போய்ப் பார்த்தீங்களா?"

இரண்டு பேருக்கும் சேர்த்து அன்வர் பதில் சொன்னார்.

"அந்தப் பாறைக்கா மேடம்? கப்பல்ல போகவே அவ்வளவு நேரம் ஆகுது. போனா பாயிண்ட் எதுவும் கிடையாதாம். டைம் வேஸ்ட்."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்திருந்தது. "வருவாய்த் துறையில சம்பளம் வாங்கிட்டு, ஸ்தல விசாரணை பண்ணாம ஆர்டர் போட்டிருக்கீங்க. வெளியில சொல்லாதீங்க" என்று சொல்லி, டிவியைப் போட்டுக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். அவர்கள் இருவரும் என் இரு பக்கமும் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

உண்மையிலேயே நீண்ட பயணம்தான். திரையில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அன்வர் இரண்டு கொட்டாவி விட்டார். கடைசியில் பாறை வந்தது. தகரக் கொட்டகை மாதிரி ஒரு கூண்டுக்குள் ஓர்பன் உட்கார்ந்து ஏதோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். விசாரணை அதிகாரி என்றதும் அவன் நிமிரக்கூட இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாகத் திரையில் வந்தன. அறிக்கை பொய்யா, யார் எழுதச் சொன்னது, லாபம் என்ன என்று. நான் கடைசியில் இருந்த கேள்வியை அழுத்தினேன். உன் பெயரைச் சொல்லலாமா என்று அவள் உன்னிடம் முன்பே கேட்டாளா?

அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"இல்லை. அறிக்கையை மட்டும்தான் கேட்டாள். மற்றதைச் சபையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்." திருப்புளியைத் திரும்ப எடுத்தபடி, "கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கீழ்த்தளத்தில் அத்தனை பேர் இருந்தார்களே" என்றான்.

கலைச்செல்வி, "அடிப்பாவி!" என்றாள். அது யாரைச் சொன்னது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பி வந்து விசாரணை மண்டபத்தில் பதவிப் பறிப்பை அழுத்தினேன். சிறையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அன்வர் குதித்தார்.

"என்ன மேடம் இது, ரெண்டுங்கெட்டான் தீர்ப்பா இருக்கு?"

"அத்தனை பேரு உயிரோட இருக்காங்க அன்வர், அவளை ஜெயில்ல போட எனக்கு மனசு வரல. அவ பண்ணின தந்திரத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இன்னொருத்தன் தலையில எழுதறதுக்கு முன்னாடி அவன் வாசல்ல போய் நிக்காதவகிட்ட ஒரு ஊரைக் குடுக்கவும் முடியாது. ரெண்டு பேரும் தோத்தீங்க. ரெண்டு பிரியாணி."

ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக் கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனேன். அப்போது வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த நெய்ரா திரும்பினாள். அதுவரை சபையில் யாருக்கும் பிடி கொடுக்காமல் பேசிய முகம், இப்போது வேறு மாதிரி இருந்தது.

"பாறைக்குப் போனீர்களாமே. ஓர்பன் எப்படி இருக்கிறான்?"

கலைச்செல்வியும் அன்வரும் இந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. பாறைக்குப் போய் வந்தவர்களிடம் மட்டும்தான் அவள் இதைக் கேட்பாள் போலிருக்கிறது. கீழே எனக்கு மூன்று பதில்கள் தோன்றின. நன்றாக இருக்கிறான், நன்றாக இல்லை, நீயே போய்க் கேள். என் கண் நிறைந்து எழுத்து மங்கிவிட்டது. கதையில் வருகிற ஒருத்திக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, அவள் கேட்டுவிட்டாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"நீயே போய்க் கேளும்மா" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, மூன்றாவதை அழுத்தினேன். நெய்ரா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வாசலை விட்டுவிட்டு, கப்பல் நிற்கும் பக்கமாக நடந்தாள்.